வரிசையில் நின்ற பனிமனிதன்

1

இந்த ஆடியோடு நான் கனடாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். வந்த நாளை ஒவ்வொரு வருடமும் என் கணவர்தான் ஞாபகப்படுத்துவார். காலையில் தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, "இண்டைக்கு என்ன நாள் எண்டு தெரியுமா புள்ள?" என்று கேட்பார். தெரியாது என்று சொன்னால் அவருக்குச் சந்தோஷம். தெரிந்தாலும் தெரியாது என்றே சொல்லிவந்திருக்கிறேன். இந்த வருடம் அவர் கேட்கவில்லை. அந்தக் கிழமை எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கேலிச்சித்திரம் வந்து குந்தியிருந்தது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பனியைப் பற்றி எழுதி எழுதி ஊரில் இருக்கிற உங்களை நடுங்க வைத்துவிட்டார்கள். இங்கே வெயிலும் அடிக்கும். ஆடி, ஆவணியில் டொரண்டோவின் இந்தக் கிழக்குப் பக்கத்தில் மத்தியானம் பஸ்ஸுக்கு நின்றால், மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தில் குடையில்லாமல் நடக்கிற மாதிரித்தான் இருக்கும். சனம் உடுப்பைக் குறைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பூங்காவில் தண்ணீர் பீச்சுகிற குழாய்களுக்குக் கீழே பிள்ளைகள் கத்துவார்கள். ஐஸ்கிரீம் வான் ஒரே பாட்டைப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாய்ச் சுற்றும். குளிர்காலம் முழுக்க முகம் காட்டாத பக்கத்து வீட்டார், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தக்காளி தருவார்கள். சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு வீதியை மறித்து விழா நடத்துவார்கள். அந்த மூன்று மாதத்தில்தான் இது ஊர் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் பகுதிக்கு ஓர் இலவசப் பத்திரிகை உண்டு. வியாழக்கிழமைகளில் வாசலில் எறிந்துவிட்டுப் போவார்கள். எந்த வீதி மூடப்படும், யாருடைய பூனையைக் காணவில்லை, எந்தப் பூங்காவில் சோளம் சுடுகிறார்கள் என்பவைதான் செய்திகள். போன வருடம் நூலகத்தின் புத்தகப் பெட்டிக்குள் ரக்கூன் ஒன்று விழுந்து ஒரு சமையல் புத்தகத்தைக் கிழித்துவிட்டது. முதற் பக்கம் முழுவதும் அதுதான். ஊரில் எங்கள் பக்கத்தில் யானை இறங்கி ஒரு வட்டை வயல் நெல்லையும் மிதித்துவிட்டுப் போனாலும் பத்திரிகையில் நாலு வரிக்கு மேல் வராது.

கடைசிப் பக்கத்தில் ஒரு படம் இருக்கும். பேச்சில்லாத கேலிச்சித்திரம். அதற்குக் கீழே போட ஒரு வரியை வாசகர்கள் எழுதி அனுப்ப வேண்டும். நல்ல வரியை அடுத்தடுத்த கிழமையில் பெயரோடு அச்சடிப்பார்கள். கோடையில் ஒரு சிறப்புப் போட்டி வேறு. அதில் வென்றவருக்கு ஆவணிக் கடைசியில் நடக்கும் வீதி விழாவில், படம் கீறியவரே மேடையில் வைத்து அசல் படத்தைக் கொடுப்பார்.

என் கணவர் ஒன்பது வருடமாக ஒரு கிழமை தவறாமல் எழுதி அனுப்புகிறார். ஒரு தடவைகூட அவருடைய வரி வந்ததில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது அரச அதிபர் அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். பெயர் தியாகராசா. அந்த நாட்களில் ஆங்கிலத்தில் ஒரு முறைப்பாடு எழுத வேண்டுமென்றால் எழுவான்கரை, படுவான்கரை என்று வாவியின் இரண்டு பக்கத்துச் சனமும் அவரிடம்தான் வரும். "தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்" என்று தொடங்குகிற ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தைத்தான் அவர் கேலிச்சித்திரத்துக்கும் எழுதுவார். ஒருமுறை பஸ் சாரதியின் ஆசனத்தில் நாய் ஒன்று குந்தியிருக்கிற படம் வந்தது. மேற்படி நாயிடம் செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம் உள்ளதா என்பதை உரிய அதிகாரிகள் காலதாமதமின்றி விசாரிப்பார்களாக என்று எழுதினார். எழுதிவிட்டு எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று அவர் கேட்கவில்லை.

2

நான் பழுகாமத்துக்காரி. பெயர் ரஞ்சிதமலர். வெளிக்கிட்டு வருவதற்கு முன்னால் பதினொரு வருடம் கூட்டுறவுச் சங்கக்கடையில் நின்றேன். சீனி, பருப்பு, மாவு, மண்ணெண்ணெய் எல்லாம் என் கையால்தான் நிறுத்துப் போகும். சாமான் வந்த நாளில் வரிசை வாசலைத் தாண்டி வீதிவரைக்கும் நிற்கும். வெயிலில் நிற்கிற சனத்துக்கு எரிச்சல் வரும்தானே. அதனால் நான் வாயை மூடிக்கொண்டு நிறுத்ததில்லை. சீனி வாங்குகிற ஒருவர் ஒவ்வொரு முறையும் பையை இரண்டு கையாலும் அமத்தி அமத்திப் பார்ப்பார், நிறை சரியா என்று. "என்ன அண்ணன், புள்ளைக்குக் காய்ச்சலா?" என்று கேட்டேன். முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னால் நின்றவர்கள் "என்னவாம், என்னவாம்" என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்த மனிதர் சாகும்வரைக்கும் ஊரில் 'காய்ச்சல் பார்க்கிறவர்' என்றுதான் பெயர். அவரும் கோபிக்கவில்லை, என்னைக் கண்டால் நெற்றியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போவார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார் என்பது உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுடையது. இவரும் இரண்டு பெட்டி நிறைய அகராதிகளோடு என் வீட்டுக்குத்தான் வந்தார். வந்த புதிதில் என் கூட்டத்துக்கு நடுவில் குரலே எழும்பாது. நான் பேசுவேன், அவர் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். இங்கே வந்த பிறகு அது அப்படியே கவிழ்ந்துவிட்டது. வைத்தியரிடம், வங்கியில், மகளின் பள்ளிக்கூடத்தில் என்று எங்கே போனாலும் நான் அவரிடம் தமிழில் சொல்வேன், அவர் அவர்களிடம் ஆங்கிலத்தில் சொல்வார். நான் பத்து வார்த்தை சொன்னால் அவர் இரண்டு சொல்வார். முதல் மூன்று வருடம் ஆங்கிலம் அப்படித்தான், சின்ன மொழி போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் காது திறந்தது. நான் பகிடியாக ஒன்று சொன்னால் அவர் "நன்றி சொல்றா" என்பார். கோபமாக ஒன்று சொன்னாலும் "நன்றி சொல்றா" என்பார். பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருத்தி, இவ்வளவு நன்றியுள்ள தாயைத் தான் கண்டதில்லை என்று மகளிடம் சொன்னாளாம்.

ஏன் நானே பேசவில்லை என்று கேட்பீர்கள். பேசிப் பார்த்தேன். ஒவ்வொரு வசனத்தையும் அவர் ஆட்களுக்கு முன்னால் வைத்தே திருத்துவார். கெட்ட எண்ணத்தில் இல்லை, கடிதம் திருத்திப் பழகிய கை. ஆனால் பகிடியை நடுவில் நிறுத்தித் திருத்தினால் அதற்குப் பிறகு அதில் என்ன இருக்கிறது. நான் விட்டுவிட்டேன். பாண் சுடுகிற பேக்கரித் தொழிற்சாலையில் வேலை எடுத்தேன். அங்கே இயந்திரத்தின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதியாக இருந்தது.

3

இந்த வருடம் பனி கரைகிற நேரத்தில் என் அட்டை ஒன்றைப் புதுப்பிக்க ஓர் அரச கந்தோருக்குப் போனோம். கையில் இலக்கத் துண்டைத் தந்து இருக்கச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் இருந்தோம். என் இலக்கம் வந்து மேசைக்கு முன்னால் போய் நின்றபோது, உள்ளே இருந்த பெண் என் பழைய அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப அட்டையைப் பார்த்தாள். மரியாதையான பிள்ளைதான். படமும் முகமும் அவ்வளவாகப் பொருந்தவில்லையே என்றாள்.

எனக்கு அது விளங்கிவிட்டது. நான் இவரிடம் சொன்னேன்: "இந்த வரிசைக்கு வந்து நிக்கக்குள்ள நான் படத்தில இருக்கிற மாதிரித்தான் இருந்த நான் எண்டு சொல்லுங்க."

இவர் அந்தப் பிள்ளையிடம் சொன்னார்: "மன்னிக்கவும் என்கிறா."

அந்தப் பெண் தலையாட்டினாள். புதுப் படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். நாங்கள் வெளியே வந்தோம். அன்றைக்கு நான் ஏன் அவ்வளவு உடைந்துபோனேன் என்று எனக்கே தெரியவில்லை. எத்தனையோ தடவை நடந்த விஷயம்தானே. ஆனால் அந்தப் பிள்ளை சிரித்திருப்பாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பதினொரு வருடம் மேசைக்கு உள்பக்கம் நின்றவளுக்கு, உள்பக்கம் நிற்கிற ஒருத்தி எதற்குச் சிரிப்பாள் என்று தெரியாதா. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்துகொண்டேன். இவர் எந்தக் கடையில் படம் எடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆனி மாதம் கோடைச் சிறப்புப் போட்டிக்கான படம் வந்தது. ஒரு கந்தோர். வெயிலில் பாதி உருகிய பனிமனிதன் ஒருவன் கையில் இலக்கத் துண்டோடு மேசைக்கு முன்னால் நிற்கிறான். அவன் காலடியில் தண்ணீர். கரட் மூக்கு சரிந்து தொங்குகிறது. உள்ளே இருக்கிற அலுவலர் ஓர் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

குசினியில் தனியே நின்று சிரித்தேன். மகள் ஆரணி ஓடிவந்து என்ன என்று கேட்டாள். அவளுக்கு இருபத்துமூன்று வயது. நாங்கள் தமிழில் பேசுவோம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். புரட்டாதியில் வேலைக்காக நாலு மணி நேர விமானப் பயணத்துக்கு அப்பால் இருக்கிற ஒரு நகரத்துக்குப் போக இருந்தவள். வீட்டில் இருந்த அந்தக் கடைசிக் கோடையில் என்னோடு கொஞ்சம் கூடுதலாக ஒட்டிக்கொண்டு திரிந்தாள். நான் வரியைச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துக் கதிரையில் விழுந்தாள். பிறகு கைபேசியில் ஆங்கிலத்தில் தட்டினாள்: வரிசையில் வந்து நின்றபோது நான் இந்தப் படத்தில் இருப்பதுபோலத்தான் இருந்தேன்.

"அனுப்பவா அம்மா?"

"அனுப்பு மனே."

விண்ணப்பத்தில் முதலெழுத்தும் குடும்பப் பெயரும் கேட்டார்கள். இந்தக் குடும்பப் பெயர் விவகாரம் எங்கள் சனத்துக்குத் தீராத தலையிடி. ஊரில் அவர் க. தியாகராசா. 'க' என்பது அவருடைய அப்பா கணபதிப்பிள்ளை. இங்கே அப்பாவின் பெயரைக் கடைசியில் கொண்டுபோய் வைத்து அவரைத் திரு. கணபதிப்பிள்ளை ஆக்கிவிட்டார்கள். யாராவது அப்படிக் கூப்பிட்டால் செத்துப்போன மாமா பின்னால் வருகிறாரோ என்று திரும்பிப் பார்ப்பார். எனக்கும் மகளுக்கும் கடைசிப் பெயர் தியாகராசா. ஆகவே இந்த வீட்டில் ஆவணப்படி தியாகராசா என்ற குடும்பப் பெயர் இல்லாத ஒரே ஆள், தியாகராசாதான்.

ஆரணி என் பெயரின் ஆங்கில முதலெழுத்தை வைத்து 'ஆர். தியாகராசா' என்று போட்டு அனுப்பினாள்.

4

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர் செல்வண்ணன்.

"தங்கச்சி, தியாகு அண்ணன் நிக்கிறாரா? வெள்ளைக்காரன்ட பேப்பரில முதலாம் இடம் எடுத்திட்டார் மனிசன். நாங்க எல்லாரும் பாத்தம்."

வாசலில் கிடந்த பத்திரிகையை எடுத்துப் பிரித்தேன். பனிமனிதன். கீழே என் வரி, ஒரு சொல் மாறாமல். அதற்குக் கீழே ஆர். தியாகராசா. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த நாட்டில் நான் சொன்ன ஒன்றைக் கேட்டு, முகம் தெரியாத யாரோ சிரித்திருக்கிறார்கள். அந்தச் சந்தோஷம் நாலைந்து நிமிடம் நின்றது. பிறகுதான் செல்வண்ணன் சொன்னது மூளைக்குள் ஏறியது. எங்கள் சனம் கடைசியில் இருக்கிற பெயரைத்தான் ஆளின் பெயராக வாசிக்கும். தியாகராசா என்றால் அவர்.

பின்னேரம் இவர் வந்தார். வாகனத் தரிப்பிடம் ஒன்றில் பகுதி நேரக் காவல் வேலை அவருக்கு. கையில் ஆறு பத்திரிகை. வழியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பாத்தியா புள்ள?"

"பாத்தன்."

பத்திரிகைகளை மேசையில் அடுக்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் திருத்திப் போட்டிருக்காங்க," என்றார்.

"என்னத்த?"

"நான் எழுதினது நீளம்தானே. ஆசிரியர்மார் அப்பிடித்தான், சுருக்குவாங்க."

அவர் எழுதியது எனக்குத் தெரியும். வாசித்துக் காட்டியிருந்தார். நிலவும் வெப்பநிலையைக் கருத்திற்கொண்டு, எனது உடல் முற்றாக உருகுவதற்கு முன்னர் எனது விண்ணப்பத்தைத் துரிதப்படுத்துமாறு தயவாய் வேண்டிக்கொள்கிறேன். அதை எப்படிச் சுருக்கினாலும் என் வரி வராது. சமையலறைக்குள் போய்ச் சட்டியை அடுப்பில் வைத்தேன். வரவேற்பறையில் அவர் செல்வண்ணனோடு பேசுவது கேட்டது. அந்த 'ஆர்' என்ன என்று செல்வண்ணன் கேட்டிருக்க வேண்டும். "அது அச்சுப்பிழை," என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. மகள் அவரிடம் போகப் போனாள், கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"ஏன் அம்மா? அது உங்களுடையது."

"எனக்குத் தெரியும். நீ சும்மா இரு."

அவளுக்கு விளங்கவில்லை. பகிடியைச் சொல்லிவிட்டு, சொன்னது நான்தான் என்று சண்டை பிடித்து வாங்கினால் அதில் சிரிப்பு எங்கே இருக்கும். அது ஒன்று. மற்றது, ஒன்பது வருடம் வாசலில் பத்திரிகை விழுகிற சத்தத்துக்கு அவர் எழும்பி ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தைத் திறந்து, மூடி, மடித்து வைத்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரித் தேநீர் கேட்பார். ஊரில் அவரைத் தேடிச் சனம் வந்தது அந்த ஆங்கிலத்துக்காக. இங்கே அதை யாரும் தேடி வரவில்லை. அது எனக்குப் பாவமாகவும் இருந்தது.

ஊரில் என்றால் இதற்கு ஒரு வழி இருக்கிறது. கண்ணகி அம்மன் கோயிலில் கொம்பு விளையாட்டு வரும்போது ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். சேரி அப்பா வழியில் வருவது. அதனால் ஒரே வீட்டில் புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி மறு பக்கம் நிற்பதும் உண்டு. இரண்டு கொம்பைக் கொளுவி இழுத்து ஒரு பக்கத்துக் கொம்பு முறிந்தால் வென்ற பக்கம் தோற்ற பக்கத்தைக் கேலி பண்ணலாம். நானும் இவரைப் பண்ணியிருக்கிறேன், சபையில், எல்லோர் முன்னாலும். அடுத்த நாள் அதே மனிதனுக்குச் சோறு போட்டிருக்கிறேன். இங்கே எங்களுக்குச் சேரியும் இல்லை, சபையும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரு மேசையில் எதிரெதிரே இருந்து சத்தமில்லாமல் சாப்பிட்டோம்.

அந்தக் கிழமைதான் நான் வந்து இருபத்திரண்டு வருடம் ஆனது. ஒரு கேள்வி மட்டும் எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. தெரிந்துகொண்டு மறைக்கிறாரா, அல்லது அன்றைக்குக் கந்தோரில் நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லையா? எது எனக்குக் கூடுதல் கவலை என்று என்னால் முடிவெடுக்க முடியவில்லை.

5

விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஞாயிறு காலையில் பழுகாமத்திலிருந்து என் அண்ணன் கைபேசியில் முகம் காட்டி அழைத்தார். அங்கே பின்னேரம். வயலால் வந்து குளித்துவிட்டுத் துவாயோடு நின்றார். யாரோ அவருக்கும் செய்தி அனுப்பியிருக்கிறார்கள்.

"மச்சான், பெரிய ஆளாயிட்டீங்களாம். என்ன எழுதின நீங்க? எங்களுக்கும் விளங்கிற மாதிரிச் சொல்லுங்க."

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படத்தை விவரித்தார். பிறகு வரியைத் தமிழில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"இந்த வரிசைக்கு வந்து நிக்கக்குள்ள... நான் படத்தில இருக்கிற மாதிரித்தான் இருந்த நான்."

நான் வாசற்படியில் நின்றேன். நான் கந்தோரில் சொன்ன அதே வசனம், அதே ஒழுங்கில். வேறு எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கலாம். அவர் வாயில் அதுதான் வந்தது.

அண்ணன் இருமுகிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்து, முகத்தைத் துவாயால் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மச்சான், கோவிக்காதீங்க. இது நீங்க எழுதினது மாதிரியில்ல. எங்கட தங்கச்சிட வாய் மாதிரிக் கிடக்கு. சங்கக்கடைக்குள்ள நிண்டு கேக்கிற மாதிரி இருக்கு."

இவர் "மறுகா எடுக்கிறன் மச்சான்," என்று சொல்லி வைத்துவிட்டார். கைபேசியைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அண்டைக்கு அந்தக் கந்தோரில நீ இதைத்தானே சொன்ன?"

"ஓம்."

"நான் என்னண்டு சொன்னன்?"

"மன்னிக்கச் சொன்னீங்க."

எழும்பிப் பின்பக்கம் போய் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றி முடித்த கன்றுகளுக்கே திரும்பவும் ஊற்றினார். ஏதாவது சொல்வார் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன். சொல்லவில்லை. மேடைக்குத் தானே போவாரா, என்னைப் போகச் சொல்வாரா என்று நானும் கேட்கவில்லை. எனக்கும் ஒரு பிடிவாதம் இருக்கிறது. விழாவுக்கு முதல் நாள் கல்யாணக் கோட்டை எடுத்து இஸ்திரி போட்டார். இரண்டு பக்கத்தில் ஒரு பேச்சு எழுதிச் சட்டைப் பையில் மடித்து வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு மனம் விட்டுப்போயிற்று. மகள் என்னைப் பார்த்தாள். நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன்.

6

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. பிரதான வீதியை மறித்துச் சோளம், எலுமிச்சைத் தண்ணீர், பிள்ளைகளுக்கு முகத்தில் பூனை கீறுகிற மேசை என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு சின்ன மேடை, முன்னால் மடக்குக் கதிரைகள். செல்வண்ணனும் சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேரும் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டு கைபேசிகளைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார்கள். சங்கத்தின் முகநூலில் போட வேண்டுமாம். அரைக் காற்சட்டையும் பெனியனுமாக நின்ற அவ்வளவு சனத்துக்குள்ளும் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நின்ற ஒரே ஆள் இவர்தான்.

படம் கீறியவர் தாடி வைத்த இளைஞர். பனிமனிதனைச் சட்டம் போட்டுக் கையில் வைத்திருந்தார். நிகழ்ச்சி நடத்திய பெண் "திரு. தியாகராசா" என்று கூப்பிட்டாள். சங்கத்து ஆட்கள் கைதட்டினார்கள். இவர் எழும்பிப் போனார். நானும் ஆரணியும் இரண்டாம் வரிசையில் இருந்தோம். ஆரணி என் கையை நோகிற மாதிரிப் பிடித்திருந்தாள்.

ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று பையிலிருந்து பேச்சை எடுத்தார். பிரித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை ஒரு சொல் விடாமல் விளங்கிக்கொண்டேன். தமிழில் தருகிறேன்.

"என் பெயர் தியாகராசா. இந்த வரிக்குக் கீழே இருப்பதும் தியாகராசாதான். ஆனால் முன்னால் இருக்கிற ஆர் நான் இல்லை, என் மனைவி. இந்த வரியை இந்த வருடம் ஒரு கந்தோரில், இதே மாதிரி ஒரு மேசைக்கு முன்னால் நின்று என்னிடம் சொன்னவ. நான் அவவுடைய மொழிபெயர்ப்பாளன். அன்றைக்கு நான் இதை மொழிபெயர்க்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக இப்படிப் பலதை மொழிபெயர்க்கவில்லை. பத்திரிகையில் வந்தது என்னுடையது என்று என் நண்பர்களுக்குச் சொன்னேன். அது பொய்."

முன்வரிசையில் செல்வண்ணன் கைபேசியை மெதுவாகக் கீழே இறக்கினார். சனம் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. இவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். எல்லோர் முன்னாலும் அவர் அப்படிக் கை நீட்டியது அதுதான் முதல் தடவை. என் ஆத்திரம் எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. மேடைக்கு ஏறினேன்.

தாடிக்கார இளைஞர் படத்தை என் கையில் தந்தார். அந்தப் பெண் என்னிடம் குனிந்து, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டாள். கேட்டுவிட்டு இவரைப் பார்த்தாள். இவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்று கழுத்துப்பட்டியில் சொட்டியது. நான் அவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தேன்.

"இந்தக் கோட்டுக்குள்ள ஒருத்தர் உருகிறார்," என்றேன். "முதல்ல அவருக்கு ஒரு இலக்கம் குடுங்க எண்டு சொல்லுங்க."

முன்வரிசையில் எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மற்றச் சனம் என்ன என்று இவரைப் பார்த்தது. இவர் என்னைப் பார்த்தார். நன்றி சொல்கிறா என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம், அந்த இடத்தில் அது பொருத்தமாகவும் இருந்திருக்கும். அவர் மூக்கு நுனியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கிப் பக்கம் திரும்பி, நான் தன்னைப் பற்றிச் சொன்னதைச் சொன்னார். பிறகு வீதி முழுக்கச் சிரித்தது. தாடிக்கார இளைஞர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கும்முன் இவர் என் பக்கம் குனிந்தார்.

"சரியாச் சொன்னனா?" என்று தமிழில் கேட்டார்.

"'முதல்ல' எண்டதை விட்டுப்போட்டீங்க," என்றேன்.

அவர் திரும்பிப் போய் ஒலிவாங்கியில் அந்தச் சொல்லையும் சொன்னார்.